ஆண்மை ஊசியும் நான் நடத்தாமல் விட்ட பாடமும்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கோட்டு போட்ட ஒருவர், "நாற்பது வயது தாண்டிய ஒவ்வொரு ஆணுக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. சோர்வு, தொப்பை, ஞாபக மறதி, மனைவியிடம் ஆர்வமின்மை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். ஊசி போட்டால் இருபது வயது குறையும்" என்று பேசினார். அதன் கீழே நான் "இது பொய்" என்று இரண்டே வார்த்தை எழுதினேன். உடனே ஒரு மாப்பிள்ளை, "மாமாவுக்கு வயசாயிருச்சு, அந்த வயித்தெரிச்சல்" என்று சிரிப்புப் பொம்மை போட்டார். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் மட்டும் மரியாதையாக, "சார், 2023ல வந்த பெரிய ஆய்வைப் பாத்தீங்களா? ஹார்ட்டுக்கு ஆபத்து இல்லைன்னு நிரூபிச்சாச்சே" என்று கேட்டார்.

மாப்பிள்ளைக்கு ஒரு வரியில் பதில்: எனக்கு எழுபத்தொன்று, வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. மாணவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் முப்பத்து மூன்று வருடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாணவிகளும் படியுங்கள். இது ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்க வேண்டாம். கடைசியில் அடி யார் மேல் விழுகிறது என்று சொல்கிறேன்.

முதலில் என் தவறு. "பொய்" என்று நான் எழுதியிருக்கக் கூடாது. அது பாதி உண்மை. முழுப் பொய்யை எட்டாம் வகுப்புப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். பாதி உண்மைதான் படித்தவனையும் கவிழ்க்கும்.

எது உண்மை? டெஸ்டோஸ்டிரோன் ஒரு நிஜ மருந்து. பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக அமைந்த ஆண்கள், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் விரைகள் பாதிக்கப்பட்டவர்கள், விபத்தில் இழந்தவர்கள் ஆகியோருக்கு உடம்பே இந்த ஹார்மோனைப் போதிய அளவு சுரப்பதில்லை. சுகர் நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. அவர்களில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து என் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நான் சண்டை போடுவது அந்த மருந்தோடு அல்ல. வயதாவதையே நோயாக்கி, அதற்கு இந்த மருந்தை விற்கும் வியாபாரத்தோடு.

அந்த வியாபாரம் என் வீட்டுக் கதவையும் தட்டியது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் "முழு உடல் பரிசோதனை முகாம்" நடந்தது. போனேன். மதியம் சாப்பிட்டுவிட்டு, வழியில் இரண்டு வடையும் தின்றுவிட்டு, நாலு மணிக்கு ரத்தம் கொடுத்தேன். காய்ச்சல் வந்து படுத்து எழுந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் 268 என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து போன். "ஐயா, உங்க லெவல் ரொம்ப லோ. ஆறு மாச பேக்கேஜ் இருக்கு, இந்த வாரம் சேர்ந்தா தள்ளுபடி." அந்தப் பெண்ணின் குரல் அவ்வளவு கரிசனமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆண்மை குறைவு என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் எழுபது வயதுக்காரனுக்கும் சுருக்கென்றுதான் இருக்கிறது. அந்தச் சுருக்கைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

மருத்துவராக இருக்கும் ஒரு மாணவியிடம் காட்டினேன். சிரித்தாள். "சார், இந்த ஹார்மோன் காலையில உச்சத்தில இருக்கும், சாயங்காலம் இறங்கும். சாப்பிட்டா குறையும். காய்ச்சல் வந்தா குறையும். வெறும் வயித்துல காலையில எடுக்கணும், அதுவும் ஒரு நாள் பத்தாது, ரெண்டு தடவை எடுக்கணும்" என்றாள். ஒரு மாதம் கழித்துக் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்தேன். 412. இன்னொரு நாள் எடுத்தேன். 398. அதே ஆள், அதே உடம்பு. என் ஆண்மை எங்கேயும் போகவில்லை. இரண்டு வடையும் ஒரு காய்ச்சலும் சேர்ந்து செய்த வேலை.

இது என் மாணவி கண்டுபிடித்த விதி அல்ல. அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: அறிகுறியும் இருக்க வேண்டும், திரும்பத் திரும்ப எடுத்த காலை ரத்தத்திலும் அளவு குறைந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. எல்லா ஆண்களுக்கும் பொத்தாம் பொதுவாக இந்தப் பரிசோதனை செய்வதும் வேண்டாம் என்கிறது.

இப்படிச் சரியாகச் சலித்தால் எத்தனை பேர் தேறுவார்கள்? ஐரோப்பாவில் எட்டு ஊர்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். அறிகுறியும் ரத்த அளவும் சேர்ந்து பொருந்தியவர்கள் 2.1 சதவீதம். நூற்றுக்கு இரண்டு பேர். வீடியோக்காரர் "ஒவ்வொரு ஆணுக்கும்" என்கிறார். நூற்றுக்கு இரண்டு எப்படி நூற்றுக்கு நூறு ஆனது? கணக்கு வாத்தியாரைக் கேட்டாலும் சொல்லமாட்டார். வியாபாரியைக் கேட்டால் சொல்வார்.

இந்த வியாபாரம் பழசு. 1889இல் பாரிஸில் பிரவுன் செக்கார் என்ற பெரிய விஞ்ஞானி, 72 வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளை அரைத்துச் சாறெடுத்துத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். பலம் திரும்பிவிட்டது, மாடிப்படியில் ஓடி ஏறுகிறேன் என்று சபையில் அறிவித்தார். உலகம் முழுக்க அந்தச் சாறு விற்றுத் தீர்ந்தது. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, உண்மையாகவே அப்படி உணர்ந்தார். 2002இல் ஆஸ்திரேலியாவில் அதே முறைப்படி சாறெடுத்துப் பார்த்தார்கள். அதில் இருந்த ஹார்மோன் உடம்பில் எந்த வேலையும் செய்யப் போதாத துளி. அவரை மாடியில் ஓட வைத்தது மருந்து அல்ல, நம்பிக்கை. நம் ஊர் சிட்டுக்குருவி லேகியத்துக்கு இவர் ஒன்றுவிட்ட அண்ணன்.

அதனால்தான் "எனக்குக் கேட்டுச்சு சார்" என்று ஒருவர் சொல்வதை ஆதாரமாக எடுக்க முடியாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள மருந்தில்லாத ஒன்று. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது, வாங்குபவருக்கும் தெரியக் கூடாது. அப்படிச் செய்த ஆய்வுதான் ஆதாரம்.

அப்படி ஒரு ஆய்வு அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளிவந்தது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள். 51,085 பேரைப் பார்த்து வடிகட்டி, தகுதியானவர்கள் என்று கடைசியில் எடுத்தது 790 பேரை. ஒரு வருடம் தினமும் ஜெல். தாம்பத்திய ஆர்வம் ஓரளவு கூடியது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வருடக் கடைசியில் அந்தப் பலனும் இறங்க ஆரம்பித்தது. சோர்வு? முக்கிய அளவுகோலில் வித்தியாசம் இல்லை. நடைக்காகத் தனியாக எடுத்தவர்களிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. ஞாபக சக்தி? ஒன்றுமில்லை. ரத்தசோகை குறைந்தது, எலும்பின் அடர்த்தி கூடியது. இதயத்துக்குப் போகும் குழாய்களை ஸ்கேன் செய்தபோது மருந்து எடுத்தவர்களிடம் கொழுப்புப் படிவு கூடுதலாக வளர்ந்திருந்தது. வீடியோக்காரர் அடுக்கிய பட்டியலை இதோடு ஒப்பிட்டு நீங்களே மார்க் போடுங்கள்.

இப்போது என் மாணவர் கேட்ட 2023 ஆய்வு. படித்தேன் தம்பி. நீங்கள் சொன்னது சரி, ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். டிராவர்ஸ் என்று அதற்குப் பெயர். அமெரிக்க மருந்து நிர்வாகம் கேட்டதால், இந்த மருந்தை விற்கும் கம்பெனிகளே பணம் போட்டு நடத்தியது. இதய நோய் உள்ள, அல்லது வர வாய்ப்புள்ள 5,204 பேர். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து, மருந்து எடுத்தவர்களில் 7.0 சதவீதம், எடுக்காதவர்களில் 7.3 சதவீதம். வித்தியாசம் இல்லை. 2025இல் அந்த எச்சரிக்கை வாசகத்தையும் லேபிளிலிருந்து எடுத்துவிட்டார்கள், ரத்த அழுத்தம் கூடும் என்ற எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். இவ்வளவும் உண்மை.

அடுத்த பக்கத்தையும் திருப்புங்கள். ஒழுங்கற்ற இதயத்துடிப்பு மருந்து எடுத்தவர்களில் 3.5 சதவீதம், மற்றவர்களில் 2.4. நுரையீரலில் ரத்தக்கட்டி 0.9க்கு 0.5. சிறுநீரகப் பாதிப்பும் கூடுதல். அடுத்த வருடம் எலும்பு முறிவுக் கணக்கு வந்தது: மருந்து எடுத்தவர்களில் 91 பேருக்கு முறிவு, எடுக்காதவர்களில் 64 பேருக்கு. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை ஆட்கள். முந்தைய ஆய்வில் எலும்பு அடர்த்தி கூடியது என்று பார்த்தோம் அல்லவா? ஸ்கேனில் எலும்பு கெட்டியானது, வாழ்க்கையில் எலும்பு அதிகம் முறிந்தது. ரிப்போர்ட்டில் வரும் எண் வேறு, மனிதன் வேறு.

இன்னொன்று. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் அறிகுறி உள்ளவர்கள், இரண்டு தடவை ரத்தம் எடுத்து அளவு குறைவு என்று உறுதியானவர்கள், மருத்துவர்கள் அளவைக் கண்காணித்து ஜெல்லைக் கூட்டிக் குறைத்தவர்கள். அப்படியும் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவில் மருந்தை நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவை எடுத்து, அளவு சரியாக இருக்கும் முப்பது வயதுப் பையனுக்கு ஜிம் மூலையில் வாராவாரம் போடும் ஊசிக்கு நற்சான்றிதழாக ஒட்டுவது என்ன நியாயம்? பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டைக் காட்டிப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுவது மாதிரி.

நீங்கள் அடுத்துக் கேட்கப் போவதையும் நானே சொல்லிவிடுகிறேன். 2021இல் ஆஸ்திரேலியாவில், தொப்பையும் சர்க்கரை வரும் நிலையும் உள்ள 1,007 பேருக்கு எடை குறைப்புப் பயிற்சியோடு இந்த ஊசியும் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் சுகர் 12 சதவீதம், ஊசி இல்லாதவர்களில் 21 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தத்தின் கெட்டித்தன்மை எல்லை தாண்டியது, மற்றவர்களில் 1 சதவீதம்தான். சுகருக்கு இதை மருந்தாகக் கொடுங்கள் என்று அதை நடத்தியவர்களே சொல்லவில்லை. 2023 கணக்குப்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சுகர். தொப்பை கூடினால் இந்த ஹார்மோன் குறையும், எடை குறைந்தால் தானாக ஏறும். மேலக்கால் ரோட்டில் காலையில் நடப்பதற்கு யாரும் பேக்கேஜ் விற்பதில்லை, அதனால் அதற்கு வீடியோவும் இல்லை.

இதுவரை சொன்னது வயதானவர்கள் கதை. நான் ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து இதை எழுதக் காரணம் வேறு.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவன் வீட்டுக்கு வந்தான். அவனிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன், யாரென்று தேட வேண்டாம். முப்பத்து மூன்று வயது. கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. அவன் மனைவிக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன், மாத்திரை மேல் மாத்திரை. செவ்வாய் வெள்ளி விரதம், முத்தையா கோயில் நேர்த்திக்கடன் எல்லாம் ஆகிவிட்டது. வளைகாப்பு வீடுகளுக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவதைச் சொந்தங்கள் நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் யாரோ ஒரு மருத்துவர் அவனையும் சோதிக்கச் சொன்னார். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்.

திண்ணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டே, "சார், ஜிம்ல ஒரு ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன். ஆண்மை கூடும்னு சொன்னாங்க. ரெண்டு வருசம் ஆச்சு. டாக்டர்ட்ட சொல்லலை. அவகிட்டயும் சொல்லலை" என்றான்.

எப்படி நடந்தது என்று விளக்குகிறேன். உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் ஆட்டோமேட்டிக் மோட்டார் இருக்கிறதல்லவா? தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும். மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் அந்த சுவிட்ச். வெளியிலிருந்து லாரித் தண்ணீரை ஊற்றித் தொட்டியை நிரப்பினால் சுவிட்ச் அணைந்துவிடும். தொட்டி நிறைந்துதான் இருக்கும், உடம்பு முறுக்கேறித்தான் தெரியும். ஆனால் மோட்டார் அறையிலேயே கிளை பிரியும் குழாயில்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் போகிறது. மோட்டார் ஓடாவிட்டால் தோட்டம் காயும். விந்தணு அந்தத் தோட்டம். விரைக்குள்ளேயே சுரக்கும் ஹார்மோன்தான் அதை வளர்க்கும். ஊசியில் ஏறியது அங்கே போதுமான அளவு போய்ச் சேராது.

இது ஊகம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது. வாராவாரம் 200 மில்லிகிராம். ஆறு மாதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு எண்ணிக்கை பூஜ்யம். கருத்தடை ஊசியாகச் சோதித்துப் பார்த்த மருந்தை நம் பையன்களுக்கு ஆண்மை ஊசி என்று விற்கிறார்கள். இதைவிடக் கொடுமையான வேடிக்கை நான் பார்த்ததில்லை. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்குள் திரும்பி வரும். ஆனால் அளவில்லாமல் பல வருடம் போட்டவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

"முதல்ல உன் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லு. நாளைக்கு டாக்டர்ட்டச் சொல்லு" என்று அனுப்பினேன். சொன்னான். அவள் மூன்று நாள் பேசவில்லையாம். நாலாவது நாள் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "இதை உங்க அம்மாகிட்டயும் நீங்களே சொல்லுவீங்களா?" அதையும் சொன்னான். அன்றைக்குத்தான் அவன் ஆண்மையோடு நடந்துகொண்டான் என்று நான் நினைக்கிறேன். நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. குழந்தை இன்னும் இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம், 1954. பாலியல் திறனைக் கூட்டும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது, மீறினால் முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை. டெஸ்டோஸ்டிரோன் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் இந்தத் தேதியில் மதுரையில் இந்த லாட்ஜ் என்று நடு ராத்திரி டிவியில் வைத்தியர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இப்போது லாட்ஜ் போய் ரீல்ஸ் வந்திருக்கிறது, லேகியம் போய் ஊசி வந்திருக்கிறது. விற்பது அதே பயத்தைத்தான்.

அந்தப் பயத்துக்கு விதை போட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் முடித்தால் நான் யோக்கியன் இல்லை. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்க மண்டலம் பாடம் வரும்போதெல்லாம், "இதை வீட்ல படிச்சுக்கங்கடா, கேள்வி மட்டும் குறிச்சுத் தர்றேன்" என்று பக்கத்தைத் திருப்பியவன் நான். முன் பெஞ்சில் பெண் பிள்ளைகள், பின் பெஞ்சில் சிரிப்பு, எனக்கு வெட்கம். தவளையின் இதயத்துக்கு மூன்று அறை என்று நாற்பது தடவை எழுத வைத்தேன். உங்கள் உடம்பில் பிட்யூட்டரி என்ன வேலை செய்கிறது என்று ஒரு தடவை உரக்கச் சொல்லவில்லை. நான் விட்ட இடத்தில் லாட்ஜ் வைத்தியரும் ஜிம் மாஸ்டரும் வந்து பாடம் எடுத்தார்கள். திண்ணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன் அந்த வகுப்பில் கடைசி பெஞ்சு.

ஆகவே சொந்தங்களே, மாணவர்களே, இதை மட்டும் செய்யுங்கள். காரணம் தெரியாத சோர்வு இருந்தால் முதலில் சுகர், தைராய்டு, ரத்தசோகை, தூக்கம், குடி, மனக்கவலை இவற்றைப் பாருங்கள். தாம்பத்தியத்தில் குறை என்றால் வெட்கப்படாமல் முறையாகப் படித்த மருத்துவரிடம் போங்கள், அது இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். ஹார்மோன் பார்க்கச் சொன்னால் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு நாள் பாருங்கள். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் இந்த ஊசியின் பக்கமே போகாதீர்கள். போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், திடீரென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கேட்டு நிறுத்துங்கள். வீட்டில் குழந்தை தாமதமானால் மருமகளுக்கு முன்னால் மகனைச் சோதியுங்கள். அவனுக்குத் தேவைப்படுவது ஒரு டப்பாவும் ஒரு நாளும்தான்.

மருந்துக் கம்பெனித் தம்பி, நான் எழுதிய எண்ணில் ஏதாவது தவறு இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். மற்றவர்கள் பொதுவில் கேட்கக் கூச்சமாக இருந்தால் தனியாகப் போன் செய்யுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன். இந்தத் தடவை பக்கத்தைத் திருப்ப மாட்டேன்.